போளூர் தாண்டிட்டேன்

அர்ஜுனனுக்கு மணி பார்க்கத் தெரியும், சொல்லத்தான் தெரியாது. முப்பது வருஷமாகத் திருவண்ணாமலையில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். சவாரிக்காரர்கள் போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால், சோப்பு போட்ட முகத்தோடு நின்றுகொண்டு, "இதோ வந்துட்டேங்க, காந்தி சிலைகிட்டதான் வரேன்" என்பார். பொய் சொல்ல ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். கேலி செய்கிறவர்களும் அதே ஜாதிதான். டிரைவர் சொல்லும் நேரத்தில் கொஞ்சம் பொய் இருக்கும், சோற்றில் உப்பு மாதிரி. அர்ஜுனன் அதை வீட்டுச் சோற்றிலும் அள்ளிப் போட்டுவிட்டார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அவருடைய மனைவி பாஞ்சாலைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே கிளம்பி வா என்றார். வேங்கிக்கால் வீட்டிலிருந்து டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், அவ்வளவுதான் வழி. பாஞ்சாலை கிளம்புமுன் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டாள். அவர் திருப்பதிக்குச் சவாரி போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். "பஸ்ல ஏன் அல்லாடற? போளூர் தாண்டிட்டேன். இதோ வந்துட்டேன்" என்றார்.

அப்போது அவர் தாண்டியிருந்தது சித்தூர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அழுதுகொண்டு பஸ்ஸில் போக வேண்டாமே என்று நினைத்தார், மிதித்து ஓட்டினால் எட்டிப் பிடித்துவிடலாம் என்றும் நம்பினார். பாஞ்சாலை பையும் கையுமாக வாசலில் நின்றாள். கண்ணெதிரே டவுன் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. மறுபடி கூப்பிட்டபோது, "இதோ, கலெக்டர் ஆபீஸ் வந்துட்டேன்" என்றார். கடைசியில் அவர் காரில் அவள் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குத் தாடை கட்டியிருந்தார்கள். "கடைசி வரைக்கும் வாசலையேதான் பாத்துக்கிட்டிருந்தாங்க" என்றாள் அண்ணி ராஜம்மாள்.

பாஞ்சாலை கத்தவில்லை, சண்டை போடவில்லை. காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் அவருடைய சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, பையில் அடுக்கி வாசலில் வைத்தாள். வீடு அவள் பெயரில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலையும் இருந்தது. அர்ஜுனன் நாலு நாளில் கோபம் ஆறிவிடும் என்று அடி அண்ணாமலையில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தார். அந்த நாலு நாள்தான் ஒன்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இருவருக்கும் பெயர்ப் பொருத்தத்தில் ஒரு குறையும் இல்லை. வருஷா வருஷம் பாரதக் கூத்து நடக்கிற பக்கம், தெருவுக்கு நாலு அர்ஜுனனும் நாலு பாஞ்சாலையும் கிடைப்பார்கள். பேரே பொருந்திப்போச்சு, வேறென்ன பொருத்தம் பார்ப்பது என்று பெரியவர்கள் அன்றைக்குச் சிரித்தார்களாம்.

பௌர்ணமி வந்தால் அவருடைய அறைக்குக் கீழே கிரிவலம் போகிற கூட்டம் விடிய விடிய நடக்கும். லட்சம் பேர் போவார்கள், அதில் ஒருவர்கூட அவரைத் தேடி வந்தவர் இல்லை. மற்ற நாட்களில் அதுவும் கிடையாது. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால், அடுத்த நாள் சவாரி போன் வரும் வரைக்கும் அவருக்குத் தன் குரலே கேட்காது. தனிமை என்று அவர் வாயால் சொன்னதில்லை. "ரூம்ல நெட்வொர்க் கம்மி" என்பார்.

இப்போது மகள் கவிநிலாவுக்குக் கல்யாணம். சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவுக்கு லீவு அம்மாவிடம் வந்து போகிற பெண், மாப்பிள்ளைக்கும் சென்னைதான். ஊரில் பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பிலேயே பத்திரிகை போய்விட்டது. ஆனால் தாய்மாமனுக்கு அப்படி அனுப்ப முடியுமா? சாமிக்கு ஒன்று வைத்த பிறகு, கையில் கொடுக்கிற முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அதையும் பெண்ணைப் பெற்ற இருவரும் சேர்ந்துபோய், வெற்றிலை பாக்குப் பழம் வைத்த தட்டை இருவர் கையாலும் பிடித்து நீட்ட வேண்டும். மாமன் சின்னசாமி முறை தவறினால் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர்.

"ஒரே ஒரு நாள்ப்பா" என்றாள் கவிநிலா போனில். "ஞாயித்துக்கிழமை அம்மாவ கூட்டிட்டுப் போய் மாமாவுக்கு வெச்சிட்டு வந்துடுங்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்கப்புறம் மாமா கை நீட்டமாட்டாரு. நைட்டு அவரு பெங்களூருக்கு வேற போறாராம்."

"நாலு மணிக்கெல்லாம் திரும்பியே வந்துடுவோம்மா" என்றார் அர்ஜுனன்.

வேங்கிக்காலிலிருந்து கீழ்பென்னாத்தூர் நிதானமாகப் போனாலும் முக்கால் மணி நேரம். ஒன்பது வருஷத்துக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது. அதற்குள் அவர் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கவி போய்விட்டால் நீயும் தனி, நானும் தனி, நான் வீட்டுக்கு வந்துடட்டுமா? கேள்வி இவ்வளவுதான். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு வாரமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே காரைக் கழுவித் துடைத்து, முன் சீட்டில் புதுத் துண்டு விரித்து, வேங்கிக்கால் வீட்டு வாசலில் நிறுத்தினார். பாஞ்சாலை கேட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். பின்கதவைத் திறந்து, தட்டுப் பையைப் பக்கத்தில் வைத்து, பின் சீட்டில் உட்கார்ந்தாள், சவாரிக்கு வந்தவள் மாதிரி.

"போலாங்க" என்றாள்.

தேரடித் தெருவில் தையல்காரரிடம் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வேண்டும் என்றாள். தையல்காரர் "ஊக்கு மட்டும் வெக்கணும்மா, பத்தே நிமிஷம்" என்றார். அவரும் அர்ஜுனன் கட்சிதான் போலிருக்கிறது, அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரத்துக்கு இழுத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போனது. இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தட்டுப் பை. அர்ஜுனனுக்கு அந்த ஊக்கு வைக்கும் பெண் மீது அன்பாகவே இருந்தது. இன்னும் மெதுவாக வைத்தால் தேவலை என்று நினைத்தார்.

பிறகு பூ, பழம், வெற்றிலை. தேங்காய் வாங்கவில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். டவுனைத் தாண்டிச் செஞ்சி ரோட்டில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடடா, தேங்காய மறந்துட்டோமே!"

கண்ணாடியில் பாஞ்சாலை அவரைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பினார். தேங்காய் வாங்கினார். வழியில் வண்டிக்குக் கேஸ் போட்டார், டயருக்குக் காற்று பிடித்தார், ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடியை இறங்கித் துடைத்தார். ஒரு டீக்கடையில் நிறுத்தி, "டீ சாப்டலாமா?" என்று கேட்டார். "வேணாங்க, நேரமாவுது" என்றாள். அவர் மட்டும் வெயிலில் நின்று குடித்தார். கேள்வியை ஒரு வாய் டீயோடு சேர்த்து விழுங்கிவிட்டு மறுபடி ஏறினார்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் கருப்பன் நின்றிருந்தார். பழைய ஸ்டாண்டு டிரைவர், இப்போது மாடு வைத்திருக்கிறார். காலடியில் தவிட்டு மூட்டை. எந்த டிரைவருக்கும் அவரைப் பார்க்காத மாதிரி போய்விடத் தெரியும். அர்ஜுனன் பிரேக்கை மிதித்தார்.

"என்னாடா அர்ஜுனா, குடும்பத்தோட கெளம்பிட்ட!" என்று கருப்பன் குனிந்து பின் சீட்டைப் பார்த்துக் கும்பிட்டார். குடும்பத்தோடு என்ற வார்த்தை அர்ஜுனனுக்குக் காதில் விழுந்து வயிறு வரைக்கும் இனித்தது. அந்த ஒரு வார்த்தைக்காகக் கருப்பனையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டார். பாஞ்சாலைக்கு விரித்த துண்டின் மேல் கருப்பன் உட்கார்ந்தார். ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அவர் ஊர் வரைக்கும் போய், மூட்டையை இறக்கி, மோர் குடித்துவிட்டுத் திரும்பும்போது மூன்று மணி தாண்டிவிட்டது.

"அண்ணன் போன் பண்ணாரு" என்றாள் பாஞ்சாலை. "எங்க வரீங்கன்னு கேட்டாரு."

"சோமாசிப்பாடி தாண்டிட்டோம்னு சொல்லு."

"இன்னும் தாண்டலையே" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேர்க்கடலைக் காடுகள் போய்க்கொண்டிருந்தன.

அந்த இடத்திலாவது அவருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது? சோமாசிப்பாடி வந்ததும், இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டரில் எல்லாம் முடிந்துவிடப்போகிறதே என்று தோன்றியது. கேள்வியை இன்னும் கேட்டபாடில்லை. பத்து நிமிஷம் கிடைத்தால் கேட்டுவிடலாம். தெரிந்த மெக்கானிக் கோபியின் பட்டறை முன்னால் வண்டியை ஓரம் கட்டினார்.

"பெல்ட்ல சத்தம் வருது. பாத்துட்டுப் போயிடலாம். நடுவழில நின்னுட்டா வம்பு."

கோபி வந்து பானெட்டைத் தூக்கினான். கையை விட்டுப் பார்த்தான். இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தான். நல்ல பையன், கண் ஜாடை காட்டினால் புரிந்துகொள்ளும் அளவுக்கு உலகம் தெரியாதவன். "ண்ணா, ஒரு சத்தமும் வரலியே. பெல்ட்டு புதுசாச்சே. முந்தாநாள்தான நானே மாத்திக் குடுத்தேன்!" என்று கடைத்தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பாஞ்சாலை தட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அர்ஜுனனைப் பார்க்கக்கூட இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எதிர்ப்புறம் போனாள். கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற பஸ் வந்தது. கை காட்டினாள். ஏறிக்கொண்டாள்.

பானெட்டைக் கீழே சாத்தி, அர்ஜுனன் பஸ்ஸின் பின்னால் ஓட்டினார். பஸ் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றது. அவர் நினைத்திருந்தால் முந்தியிருக்கலாம், முப்பது வருஷக் கை. முந்தவில்லை. கடைசி ஜன்னலில் அவளுடைய தலையும் அதில் அவர் வாங்கிக் கொடுத்த மல்லிகையும் தெரிந்தன. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்றைக்கும் இப்படி ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால் அம்மாவைப் பார்த்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை அந்த நாளை நினைத்து வருந்தியிருக்கிறார். ஆனால் அவள் விட்ட பஸ்ஸைத் தன் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கீழ்பென்னாத்தூரில் அவர் காரை நிறுத்தியபோது பாஞ்சாலை அண்ணன் வீட்டுத் தெருமுனையில், மளிகைக் கடை நிழலில் நின்றிருந்தாள். வீடு தெரிகிற தூரம்தான். ஆனால் தட்டைப் புருஷன் இல்லாமல் ஒற்றைக் கையாய் நீட்ட முடியாதே. எந்த மனிதருக்காகக் காத்து நிற்கக் கூடாது என்று பஸ் ஏறினாளோ, அதே மனிதருக்காகப் பிறந்த வீட்டுத் தெருவில் பையும் கையுமாக நிற்க வேண்டியதாகிவிட்டது.

"வாங்க, நேரமிருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

சின்னசாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தங்கையைப் பார்த்தார். நாலரைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. "வாங்க" என்றார். அந்த வாங்கவில் தங்கைக்கு எவ்வளவு, மச்சானுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. ராஜம்மாள் பாய் விரித்தாள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், பூ, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். தட்டுக்கு அடியில் பாஞ்சாலையின் விரல்கள் அவர் விரல்கள் மேல் பட்டன. சமையல் வேலை செய்து காய்ப்பேறிய விரல்கள். இதற்குத்தானே காலையிலிருந்து ஏங்கினோம் என்று நினைத்தார். பட்டபோது சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

சின்னசாமி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எம்பொண்ணு கல்யாணம் மாதிரி நடத்திடலாம்" என்றார்.

பாஞ்சாலை பையிலிருந்து இன்னொரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இதற்குக் கணவரைக் கூப்பிடவில்லை. கூடத்தில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்துக்குக் கீழே வைத்தாள். "வந்துட்டேம்மா" என்றாள். குரல் எழும்பவே இல்லை, ஆனால் அர்ஜுனனுக்குக் கேட்டது.

திரும்பும்போது அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஆசைப்பட ஒன்றுமில்லை, பின் சீட்டு முழுக்க அண்ணன் ஏற்றிவிட்ட வேர்க்கடலை மூட்டையும் வாழைத்தாரும் இருந்தன. இருந்தாலும் மனித மனம் வாழைத்தாருக்கும் நன்றி சொல்லும். வண்டி ஊரைத் தாண்டியதும் அர்ஜுனன் வாயைத் திறந்தார்.

"பாஞ்சாலை."

"ம்."

"கவி போயிடுவா. அப்புறம் நீ தனியாத்தான இருப்ப."

"ஆமா."

"நானும் தனியாத்தான் இருக்கேன். நான் வீட்டுக்கு வந்துடட்டுமா?"

அவள் ரோட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"தனியா இருக்கறது எனக்குப் பழகிப்போச்சுங்க. மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப பசிச்சா சாப்பிடறேன், தூக்கம் வந்தா தூங்கறேன். காத்துக்கிட்டு இருக்கறதுதான் என்னால முடியாது. நீங்க வீட்ல இருந்தா மறுபடியும் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

"இனிமே அப்படிச் சொல்லமாட்டேன்."

"மத்தியானம் பெல்ட்ல சத்தம் வருதுன்னீங்களே."

அர்ஜுனனுக்குக் கண் கலங்கியது. "உங்கூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமேன்னுதான்…"

"தெரியும். தேங்காய மறந்தப்பவே தெரியும்." அவள் குரலில் முதல் தடவையாக ஈரம் தட்டியது. "அதையே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல? கொஞ்ச நேரம் கூட இருன்னு கேட்டிருந்தா, அந்த டீக்கடைல எறங்கி உக்காந்திருப்பேனே."

டாஷ்போர்டில் போன் அடித்தது. கவிநிலா. "எங்கப்பா வரீங்க?" என்றாள். இதோ வந்துட்டோம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அர்ஜுனன் வெளியே எட்டி ஊர்ப் பலகையைப் பார்த்தார். "இப்பதாம்மா சோமாசிப்பாடி. இன்னும் அரைமணி நேரம் ஆவும்" என்றார். பக்கத்தில் இருந்தவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. கண்ணை மூடிச் சீட்டில் சாய்ந்திருந்தாள்.

வேங்கிக்காலில் மூட்டையையும் தாரையும் வாசல் வரைக்கும் இறக்கி வைத்தார். "வெள்ளிக்கிழமை விடியக் காலைல பந்தக்கால். பெத்தவங்க இருக்கணும். நேரத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை இருட்டோடு எழுந்து குளித்து, புது வேட்டி கட்டி, தெரு நாய்கள்கூட எழுந்திருக்காத நேரத்தில் அர்ஜுனன் அந்த வாசலுக்கு வந்துவிட்டார். கேட் சாத்தியிருந்தது. யாரும் கூப்பிடாமல் அதைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை. காரில் சாய்ந்து நின்றார். உள்ளே ஒவ்வொரு விளக்காக எரிந்தது. பெங்களூரிலிருந்து திரும்பிவிட்ட சின்னசாமியின் கனைப்பு கேட்டது, ராஜம்மாள் சிரிப்பது கேட்டது, பால் பொங்கும் வாசனை வந்தது. கிழக்கு வெளுத்தது. போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" என்றாள் பாஞ்சாலை. அவள் குரல் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

"வாசல்லதான் நிக்கறேன்."

"சரி சரி" என்றாள். "நல்ல நேரம் முடியறதுக்குள்ளயாவது வந்து சேருங்க."

போனை வைத்துவிட்டாள். பிறகு ஜன்னல் வழியாக மட்டும் கேட்டது: "அவரு வர இன்னும் நேரமாவும்ண்ணா. நீயும் அண்ணியும் நின்னு ஆரம்பிச்சிடுங்க."

அர்ஜுனன் கார்க் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு, ஹாரனை ஒரு தடவை அடித்தார்.